சட்டைப்பைச் சுங்கான்

பழம்பொருளைப் பழுது பார்ப்பதற்கும் பழைய நூலைப் பதிப்பிப்பதற்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. இரண்டிலும் அழுக்கு உண்டு. இரண்டிலும் அடையாளம் உண்டு. எது அழுக்கு, எது அடையாளம் என்று பிரித்தறியும் கண் இல்லாதவன் கையில் ஏடும் கெடும், பொருளும் கெடும். இவ்வுண்மையை விளக்கும் சிறு பொருள் ஒன்றை அண்மையில் அமிர்தகழியில் கண்டேன். அது ஒரு சுங்கான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதற்கென்றே செய்யப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் சிறிய சுங்கான்.

புகைக் கருவியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதலாமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எழுதலாம், நமக்கு முன்னோர் வழிகாட்டியுள்ளனர். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மரபிலே, புகையிலையையே பழனி முருகனிடம் தூது விட்டார் சீனிச்சர்க்கரைப் புலவர். புகையிலை விடு தூது என்னும் அச்சிறு நூலை ஏட்டிலிருந்து எடுத்து அச்சேற்றியவர் வேறு யாருமல்லர், டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள்தாம். சிந்தாமணியையும் புறநானூற்றையும் காத்த கை புகையிலையையும் ஒதுக்கிவிடவில்லை.

சுங்கான் என்பது நம் அகராதிகளில் உள்ள சொல். புகையிலையை இட்டுப் புகைக்கும் குழாயை அது குறிக்கும். ஈழத்து முதியோர் நாவில் இன்றும் அதனைக் கேட்கலாம். என் மாணவருக்கோ அச்சொல் புதிது. பொருளைக் காணாதவர்க்குச் சொல்லும் தங்காது என்பதற்கு இஃதொரு சான்று. புகையிலை அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய செடி. போர்த்துக்கேயர் வழியே நம் நாடுகளுக்கு வந்தது. அவர்களோடு வந்த அலுமாரியும் மேசையும் கதிரையும் சப்பாத்தும் தம் பெயரையும் உடன் கொண்டுவந்தன. புகையிலையோ நம் நாட்டில் இறங்கியதும் புகை, இலை என்னும் இரு தனித்தமிழ்ச் சொற்களை அணிந்துகொண்டது. பின்னர் நாம் கடனும் தீர்த்தோம். நம் 'சுருட்டு' ஆங்கிலத்திற் புகுந்து 'செரூட்' ஆயிற்று.

இனி அச்சுங்கானின் அமைப்பைச் சொல்வேன். சுங்கானுக்குக் கிண்ணம், தண்டு, வாய்க்குழல் என மூன்று உறுப்புக்கள் உண்டு. ஏனைய சுங்கான்களின் கிண்ணம் உருண்டையாக இருக்கும்; பையிலே போட்டால் பை புடைக்கும். இதன் கிண்ணமோ இருபுறமும் அமுக்கியது போன்ற நீள்வட்டம். வாய்க்குழல் ஒரு பக்கமாக வளைந்தது. புகைக்கும்போது அது நேரே நிற்கும். புகைத்து முடிந்தபின் தண்டிலே திருப்பிவிட்டால், கிண்ணத்தை ஒட்டி ஒடுங்கிவிடும். ஐரோப்பியர் மேலங்கிக்குள் அணியும் கையில்லாச் சட்டையின் சிறு பைக்கென்று இவ்வாறு வகுத்தனர். நம்மவர்க்கு அத்தகைய சட்டையும் இல்லை, பையும் இல்லை. மடியும், பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டியுமே நம் பைகள். வெற்றிலையும் பாக்கும் காசும் அங்கேதான் குடியிருந்தன. எங்கும் உடன் கொண்டு செல்ல வேண்டும் என்னும் ஆசை மாத்திரம் இரு சாராருக்கும் ஒன்றே.

கிண்ணம் பிறையர் என்னும் மரத்தால் ஆயது. நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் புதர்ச்செடி ஒன்றின் அடிக்கட்டை அது. செடி மேலே எரிந்து சாம்பரானாலும், நிலமட்டத்திலுள்ள அக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். தீயோடு பழகிய கட்டை ஆதலின், உள்ளே நெருப்பை இட்டாலும் எளிதில் எரிந்துபோவதில்லை. கட்டையை நெடுநேரம் நீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே குடைவர். பிரான்சு நாட்டின் சூரா மலைப்புறத்துச் செயின்ற் குளோட் என்னும் ஊர் 1850களிலிருந்து இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதற்குமுன் மேனாட்டார் பெரிதும் புகைத்தது மண் சுங்கானிலேயே. அது கீழே விழுந்தால் உடையும். பையில் இருக்கவும் பொறாது. உடையாத கட்டை கிடைத்த பின்னரே சுங்கான் நன்கு பைக்குள் புகுந்தது.

வாய்க்குழல் எபனைற்று என்னும் கடின இறப்பரால் ஆயது. இறப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால், அது கருங்காலி போலக் கறுத்து இறுகும். நெல்சன் குட்இயர் என்பார் 1851இல் இதற்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார். இறப்பரின் கதையிலே நமது நாட்டுக்கும் பங்குண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூத் தோட்டத்துக்கு விதைகள் வந்தன. அவ்வாண்டிலேயே நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்றன. தண்டும் வாய்க்குழலும் கூடும் இடத்திலே மெல்லிய வெள்ளிப்பூண் ஒன்று உண்டு. இந்தப் பூண் பின்னர்ப் பேசப்போகிறது. ஆதலின் வாசகர் அதனை நினைவில் வைத்துக்கொள்வாராக.

மட்டக்களப்பு நகருக்கு அணித்தாய், வாவிக் கரையிலே அமைந்தது அமிர்தகழி. மாமாங்கேசுவரர் ஆலயமும் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் அவ்வூரின் பெருமை. சுங்கானுக்கு உரியவர் அவ்வூரில் வாழும் ஓர் அன்பர், எனக்கு மூத்தவர், அண்ணன் என்றே நான் அழைப்பது வழக்கம். அவர் குடும்பம் முன்பு நாவலடியில் இருந்தது. நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்றிட்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது அவ்வூர் அழிந்தது. அண்ணனின் வீடும் போயிற்று. வீட்டோடு பெட்டியும் பேழையும், நூல்களும், சுவரில் மாட்டியிருந்த படங்களும் போயின. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியில் தப்பியவையும் அன்று தப்பவில்லை.

சுங்கான் மட்டும் எவ்வாறு தப்பியது? அண்ணனின் தந்தையார் 1980களின் பிற்பகுதியில் காலமானார். அதன்பின் தாயார் சுங்கானைத் தம் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலே வைத்துக்கொண்டார். கடல் எழுந்த நாளுக்கு முன்தினம் அவர் அமிர்தகழியிலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வெற்றிலைப் பெட்டியின்றி அவர் எங்கும் செல்வதில்லை. பெட்டி வந்தது, பெட்டியோடு சுங்கானும் வந்தது. சட்டைப் பைக்கென்று சிறுக்கச் செய்த பொருள் வெற்றிலைப் பெட்டிக்கும் அளவாக அமைந்ததனால் பிழைத்தது. பெரிய சுங்கானாக இருந்திருந்தால் நாவலடி வீட்டு அலுமாரியிலே கிடந்து, அலுமாரியோடு போயிருக்கும்.

தாயாரும் மறைந்தபின் அண்ணன் அதனை எடுத்துப் பார்த்தார். கிண்ணத்தின் உட்புறம் கரி ஏறி, விரல் நுழையாத அளவுக்குத் துவாரம் குறுகியிருந்தது. வாய்க்குழல் பழுப்பும் பச்சையுமாக வெளிறிப்போயிருந்தது. வெள்ளிப்பூண் கன்னங்கரேல் என்றிருந்தது. "பண்டிதர், இது எங்கள் அப்பப்பாவின் சுங்கான். வெள்ளைக்கார ஏசண்டர் ஒருவர் அவருக்குக் கொடுத்தது. நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும்" என்று அவர் சொன்னார். குடும்பத்திலே வழங்கிய கர்ணபரம்பரை அது. அதனைப் பழுது பார்த்து வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாங்கள் இருவரும் அதனை எடுத்துக்கொண்டு, நகரில் உள்ள ஒரு முதிய பறங்கியத் தச்சரிடம் சென்றோம்.

மட்டக்களப்புப் பறங்கியர் தச்சு வேலையிலும் கொல்லு வேலையிலும் பெயர்பெற்றவர். போர்த்துக்கேய முன்னோரின் மொழியைத் திரிந்த வடிவிலே வீட்டுக்குள் காத்துவந்தவர்கள். எங்களோடு பேசும்போது எங்கள் தமிழையே பேசுவார்கள். புகையிலையைக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல் கையிலேயே புகையிலைக் கருவி பழுதுபார்க்கப்பட வந்தது பொருத்தமே. அவரும் டச்பாரிலே வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர். அண்ணன் தம் கதையைச் சொன்னபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுங்கானை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

அவர் வேலை செய்த முறை என்னைக் கவர்ந்தது. முதலிற் கரியைச் சுரண்டினார். முழுவதும் சுரண்டவில்லை, நகத்தளவு கனத்திற்கு உட்சுவரில் ஒட்டவிட்டார். கட்டைக்கு அதுவே கவசம் என்றார். பின்னர்க் கிண்ணத்தை உப்பால் நிரப்பி, மதுசாரத்தைத் துளித்துளியாக விட்டு, ஓர் இரவு வைத்தார். காலையில் உப்பு தேயிலைச் சாயம்போல் மாறியிருந்தது. கட்டைக்குள் ஊறிய பழம்புகை உப்புக்குள் வந்துவிட்டது. வாய்க்குழலை மென்மையான அரத்தாளால் நீர்விட்டுத் தேய்த்தார். ஒளியும் காற்றும் பட்டு வெளிறிய மேற்பரப்பு நீங்க, உள்ளிருந்த கருமை வெளிப்பட்டது. கட்டைக்கு இறுதியில் மெழுகு பூசினார். அம்மெழுகு பிரேசிலில் வளரும் பனை இனம் ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. ஓலையை நூலைக் காக்கும் பொருளாகவே அறிந்திருந்த எனக்கு, ஓலையின் மெழுகு மரத்தைக் காப்பது புதிய செய்தியாயிற்று.

வெள்ளிப்பூணின் கறுப்புக்குக் காரணம் வேறு எங்கும் இல்லை; வாய்க்குழலிலேயே இருந்தது. எபனைற்றிலுள்ள கந்தகம், மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் அருகே கிடந்த வெள்ளியைப் பற்றியது. கறுப்பைத் துடைத்ததும் நான்கு சிறு முத்திரைகள் தெரிந்தன. ஒன்று செய்வித்தவரின் எழுத்துக்கள். தேய்ந்துபோய் வாசிக்க இயலாதவை. மற்றொன்று நடக்கும் சிங்கம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உண்டு என்பதற்கு இங்கிலாந்தில் இடும் அடையாளம். மூன்றாவது நங்கூரம், 1773இல் நிறுவப்பெற்ற பேர்மிங்காம் வெள்ளிச் சோதனைச் சாலையின் சின்னம். நான்காவது ஓர் ஆங்கில எழுத்து. ஆண்டுக்கோர் எழுத்தாக அகரவரிசையில் மாற்றிக்கொண்டு, ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவையும் சட்டத்தையும் மாற்றி அடுத்த சுற்றைத் தொடங்குவது அச்சாலையின் வழக்கம். பூணில் இருந்தது 1950இல் தொடங்கிய சுற்றின் முதலெழுத்து.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. அவருடைய அப்பப்பா 1950க்கு முன்னரே இறந்தவர். ஆகவே சுங்கான் அவருடையதாக இருக்க இயலாது. தந்தையார்க்கோ அவ்வாண்டில் இருபத்தைந்து வயது. அக்காலத்தில் அவர் இங்கினியாகலையிலே பண்டகசாலை எழுத்தராக இருந்தார் என்று அண்ணனின் அத்தை பின்பு சொன்னார். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெரிய அணையை மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அங்கே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாளில் அப்பகுதியும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததே. பல நாட்டு மனிதரும் பல நாட்டுப் பொருள்களும் பட்டிப்பளை ஆற்றங்கரையிலே கூடியிருந்தனர். முத்திரை ஆண்டைச் சொல்லும்; கைமாறிய கதையைச் சொல்லாது. அந்த இடத்தில் நாமாகக் கதை ஒன்றைக் கட்டி நிரப்பலாகாது.

கர்ணபரம்பரை பொய்த்ததில் அண்ணனுக்கு வருத்தம் இருந்தது. எனக்கோ அதில் ஒரு நிறைவு தோன்றியது. ஏசண்டரும் அப்பப்பாவும் விலகியதனால் சுங்கான் சிறுமையடையவில்லை. அது முழுவதும் தந்தையார்க்கே உரியதாயிற்று. வேறு வாயில் புகாத குழல் என்பது உறுதிப்பட்டதும், அக்குழலில் இருந்த ஓர் அடையாளத்துக்குப் புதிய பொருள் பிறந்தது.

அவ்வடையாளம் பல்தடம். வாய்க்குழலின் நுனியிலே மேலே இரண்டு பள்ளங்கள், கீழே ஒன்று. கணக்கெழுதும்போது இரு கைகளும் வேலையாக இருக்க, சுங்கானைப் பல்லாற் கவ்வியே வைத்திருப்பாராம் தந்தையார். தச்சர் அதனைச் சுட்டிக்காட்டி ஒரு செய்தி சொன்னார். எபனைற்றுக்குத் தன் முதல் வடிவத்தை மறவாத இயல்பு உண்டு. இளஞ்சூட்டிலே காட்டினால் அமுங்கிய இடம் தானாகவே எழும்பிச் சமனாகும். "தம்பி, சூடு காட்டினா அஞ்சு நிமிஷத்தில இது புதுசு போல வரும். வேண்டாம் எண்டா இப்படியே விடுறன். சொல்லுங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தந்தையாரின் படம் ஒன்றேனும் அக்குடும்பத்தில் இல்லை. யாவும் நாவலடியில் போயின. அவர் எழுதிய ஒரு வரி இல்லை. அணிந்த உடுப்பு இல்லை. மண்ணுலகில் அவர் உடம்பு பதித்த தடமாக எஞ்சியிருப்பவை அந்த மூன்று பள்ளங்களே. ஆயினும் வேறொன்றும் உண்டு. தந்தையார் இறந்தது வாய்ப்புற்றுநோயினால். அந்தச் சுங்கானே அவர் நோய்க்கு வாயில். பூணில் முத்திரை பொறித்த அதே 1950ஆம் ஆண்டிலேதான், புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் இறிச்சட் டோல், பிறட்போட் ஹில் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். சுங்கான் புகைப்போர்க்கு உதட்டிலும் வாயிலும் தொண்டையிலும் அந்நோய் வரக்கூடும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. பல்தடம் அன்பின் நினைவு. அதுவே நோய் நுழைந்த வழியின் சுவடும் ஆகும்.

அண்ணன் கேட்ட கேள்வி இதுதான்: "பண்டிதர், அப்பாவைக் கொண்டுபோன சாமானை நான் மினுக்கி வைக்கிறது சரியோ?"

நான் பதிப்பாசிரியர்களை நினைத்தேன். ஏட்டிலே செல்லரித்த இடம் உண்டு, எழுதினோன் கைப்பிழை உண்டு, பாடபேதமும் உண்டு. புறநானூற்றைப் பதித்தபோது சாமிநாதையர் சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பிவிடவில்லை. சிதைந்தது என்பது விளங்கப் புள்ளியிட்டுக் காட்டினார். வேறுபட்ட பாடங்களை மறைக்கவில்லை, அடியிலே தந்தார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய நம் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிய பின்னரே துணிந்தவர். நம் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளோ இவர்களினும் அரிய பணியை மேற்கொண்டார். யாழ் என்னும் கருவியே கைக்குக் கிட்டாத நிலையில், நூற்சொற்களையே கருவியாகக் கொண்டு அதன் வடிவையும் இசையையும் ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை அளித்தார். பொருள் அழிந்தபின் சொல்லிலிருந்து அதனை மீட்பது எத்துணைப் பெருமுயற்சி! பொருள் கையில் இருக்கும்போதே அதன் அடையாளத்தை நாம் அழிப்பது எத்துணை அறியாமை!

ஆகவே அண்ணனுக்கு நான் சொன்னது சுருக்கமானது. "அண்ணன், கரி உண்மையை மறைத்தது; அதனை நீக்கியதால் ஆண்டு தெரிந்தது. பல்தடம் உண்மையைச் சொல்கிறது. உவப்பான உண்மையும் அதிலே உண்டு, உவப்பற்றதும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதை நீக்க நம்மால் இயலாது."

அவர் தச்சரிடம் திரும்பினார். "மணம் போகட்டும். பல்லுப் பட்ட இடம் இருக்கட்டும்" என்றார். தச்சர் தலையசைத்து, இரண்டாம் முறையும் கிண்ணத்தில் உப்பு நிரப்பினார். மூன்றாம் நாள் சுங்கானை வாங்கியபோது புகையிலை மணம் அறவே இல்லை. கட்டையின் சிவந்த ரேகைகள் துலங்கின. பூண் ஒளிர்ந்தது. வாய்க்குழல் கருங்காலி போல மின்னியது; நுனியிலே மூன்று பள்ளங்கள் இருந்தவாறே இருந்தன. தச்சர் கூலி வாங்க மறுத்தார். அண்ணன் வற்புறுத்தியபோது, "கடல் எடுத்ததில ஒண்டு திரும்பி வந்திருக்கு. அதுக்குக் கூலியா?" என்றார்.

பழுது பார்த்தல் புதிதாக்குதல் அன்று. புதியதை விலைகொடுத்து வாங்கலாம். பழையதை எவராலும் செய்ய இயலாது. பொருளை மறைத்து நிற்பது அழுக்கு. பொருளோடு வாழ்ந்து பதிந்தது அடையாளம். அழுக்கை நீக்கத் தயங்குவோன் பழமையை அறியான். அடையாளத்தை நீக்கத் துணிவோன் மனிதரை அறியான். சூறாவளியும் போரும் கடலும் மாறிமாறி வந்து வாரிக்கொண்ட நம் பகுதியிலே எஞ்சியவை சில. பித்தளைச் செம்பாயினும், உடைந்த மூக்குக்கண்ணாடியாயினும், அடிக்கோடிட்ட பாடநூலாயினும் அவற்றை மினுக்குவதற்கு முன் ஒருமுறை நன்றாக உற்றுநோக்க வேண்டும். வீட்டு முதியோர் இருக்கும்போதே அவற்றின் கதையைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கேட்ட கதையைப் பொருளோடு ஒத்துப்பார்க்கவும் வேண்டும். ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். ஏடு தேடித் தமிழகமெங்கும் அலைந்தார் சாமிநாதையர். நம் மாணவர் தம் வீட்டு அடுக்களை வரையேனும் செல்லட்டும்.

அமிர்தகழிச் சுங்கான் இப்போது தாயாரின் வெற்றிலைப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. கந்தகம் வெள்ளியைப் பற்றாதிருக்க வாய்க்குழலைக் கழற்றித் தனித் துணியிற் சுற்றி வைத்துள்ளார்கள். அண்ணனின் பேர்த்தி ஒரு துண்டுக் காகிதத்தில் 1950 என்றும், பேர்மிங்காம் என்றும், பூட்டனாருடைய பல்தடம் என்றும் எழுதி உடன் வைத்திருக்கிறாள். யார் கொடுத்தது என்னும் இடத்தில் அவள் புள்ளி இட்டிருக்கிறாள்.